மறுமுனையில் யார்?

(ஆசிரியர்களுக்கான பணியிடைப் பயிற்சியின் நிறைவு நாளன்று, அரசு உயர்நிலைப் பள்ளித் தலைமையாசிரியர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



மதிய உணவு முடிந்த நேரம். இந்த நேரத்தில் பேச அழைக்கப்படுபவரின் நிலைமை, ஆறாவது பாடவேளையில் வகுப்புக்குள் நுழையும் ஆசிரியரின் நிலைமைதான். ஆகவே நீண்ட முன்னுரை வேண்டாம். ஒரு சிறிய கணக்கோடு தொடங்குகிறேன்.

இந்த அரங்கில் எத்தனை பேர் இருக்கிறோம் என்று வருகைப் பதிவேடு சொல்லிவிடும். இணையத்தோடு இணைந்த கருவிகள் எத்தனை இருக்கின்றன? ஆளுக்கு ஒரு கைப்பேசி. சிலருக்கு இரண்டு. பத்துப் பன்னிரண்டு பேர் மணிக்கட்டில் ஸ்மார்ட் வாட்ச் கட்டியிருக்கிறீர்கள். முன்னால் ஒரு திறன்பலகை. வாசலில் ஒரு கேமரா. எண்ணிப் பார்த்தால் ஆட்களைவிடக் கருவிகள்தாம் அதிகம். நம் பள்ளிகளும் அப்படித்தான் மாறிவிட்டன. உயர்தொழில்நுட்ப ஆய்வகம் இருக்கிறது, தொடக்கப் பள்ளியில் திறன்மிகு வகுப்பறை இருக்கிறது, வருகையைக்கூடச் செயலியில் பதிகிறோம். இவை நல்லவையா கெட்டவையா என்று பட்டிமன்றம் நடத்த நான் வரவில்லை. அந்தக் காலம் முடிந்துவிட்டது. இவற்றோடு வாழப்போகும் பிள்ளைகளுக்கு நாம் என்ன சொல்லித்தரப் போகிறோம் என்பதுதான் என் கேள்வி.

முதலில் ஓர் அடிப்படை. என் அப்பாவின் கைக்கடிகாரம் மணி காட்டியது. அதோடு அதன் வேலை முடிந்தது. இன்றைய ஸ்மார்ட் வாட்சும் மணி காட்டுகிறது. கூடவே எத்தனை அடி நடந்தேன், இதயம் எப்படித் துடித்தது, எத்தனை மணிக்குத் தூங்கினேன் என்று குறித்து, அதை எங்கோ அனுப்புகிறது. 'இணைந்த' கருவி எதை எடுத்தாலும் மூன்று பகுதிகள் உண்டு. கவனிக்கும் ஒன்று, கொண்டுசெல்லும் ஒன்று, பெற்றுக்கொள்ளும் ஒன்று. முதல் பகுதி நம் கையில் இருக்கிறது. இரண்டாவது கண்ணுக்குத் தெரிவதில்லை. மூன்றாவதை நாம் நினைத்தே பார்ப்பதில்லை. அந்த மூன்றாவதைத்தான் 'மறுமுனை' என்கிறேன். இந்தக் கருவிகளின் நன்மையும் தீமையும் மறுமுனையில் யார் இருக்கிறார் என்பதில்தான் அடங்கியிருக்கின்றன.

நன்மையிலிருந்து தொடங்குவோம்.

2004ஆம் ஆண்டு டிசம்பர் 26. அன்று காலை சுமத்ராவை ஒட்டிய கடலடியில் நிலம் அதிர்ந்ததற்கும், அலை நம் கரையைத் தொட்டதற்கும் இடையே ஏறத்தாழ இரண்டு மணி நேரம் இருந்தது. இரண்டு மணி நேரம் என்பது ஓர் ஊரையே காலி செய்யப் போதுமான நேரம். ஆனால் சொல்ல ஆள் இல்லை. நாகப்பட்டினத்திலும் கடலூரிலும் நடந்ததை நான் சொல்ல வேண்டியதில்லை. உங்களில் சிலர் அந்தப் பள்ளிகளில் பணியாற்றியவர்கள்.

அதே நாளில் புதுச்சேரியை அடுத்த நல்லவாடு என்ற மீனவர் ஊரில் வேறொன்று நடந்தது. அங்கே எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் அமைத்த கிராம அறிவு மையம் ஒன்று இருந்தது. அலையின் உயரம், காற்றின் வேகம் போன்ற செய்திகளை அன்றாடம் ஒலிபெருக்கியில் ஊருக்குச் சொல்வது அதன் வேலை. சிங்கப்பூரில் வேலை பார்த்துவந்த அந்த ஊர்க்காரர் ஒருவர் செய்தியறிந்து வீட்டுக்குத் தொலைபேசியில் பேசினார். தண்ணீர் ஊருக்குள் வருகிறது என்று வீட்டிலிருந்து சொன்னார்கள். உடனே ஊரைவிட்டு ஓடுங்கள், எல்லாரிடமும் சொல்லுங்கள் என்றார் அவர். அந்தச் சேதி மையத்தின் ஒலிபெருக்கியில் ஒலித்தது. வீடுகளும் படகுகளும் போயின. ஊரார் உயிர் தப்பினார்கள்.

ஒரு தொலைபேசி, ஓர் ஒலிபெருக்கி, மறுமுனையில் ஊரின் மேல் அக்கறை கொண்ட ஒருவர். இணைப்பின் பயனைச் சொல்ல இதைவிடப் பெரிய எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை.

பிறகு 2007இல் ஐதராபாத்தில், இந்தியப் பெருங்கடல் தகவல் சேவைகளுக்கான தேசிய மையத்தில் ஆழிப்பேரலை முன்னெச்சரிக்கை மையம் தொடங்கப்பட்டது. கடலடியில் நீரின் அழுத்தத்தை அளக்கும் கருவி, மேலே மிதவை, வானத்தில் செயற்கைக்கோள், கரையில் கணினி என்று எல்லாம் ஒன்றோடொன்று பேசிக்கொள்கின்றன. கவனிப்பது, கொண்டுசெல்வது, பெற்றுக்கொள்வது என்ற மூன்று பகுதிகளும் இங்கே இருக்கின்றன.

அன்றாட வாழ்விலும் பாருங்கள். கைப்பேசியால் மோட்டாரை இயக்கும் கருவியைப் பொருத்திய உழவர், இரவில் டார்ச்சோடு வரப்பில் நடந்து பாம்புக்குப் பயப்பட வேண்டியதில்லை. பார்வையற்ற மாணவி, திரையில் உள்ளதை வாசித்துக் காட்டும் மென்பொருளின் துணையால் பிறர் படித்துக்காட்டக் காத்திராமல் தானே படிக்கிறாள். இவை சிறிய மாற்றங்கள் அல்ல. ஆகவே, 'இந்தக் கருவிகளே வேண்டாம்' என்று சொல்பவன் அல்ல நான்.

இப்போது நான் பணியாற்றிய ஒரு பள்ளியில் நடந்ததைச் சொல்கிறேன். சொல்வதற்குச் சங்கடமாக இருக்கிறது. ஆனாலும் இதைச் சொல்லத்தான் இங்கே வந்தேன்.

முன்னாள் மாணவர்கள் சேர்ந்து பள்ளிக்கு நான்கு கேமராக்கள் வாங்கித் தந்தார்கள். கடைக்காரர் வந்து பொருத்தினார். அலுவலகத்தில் ஒரு திரை, என் கைப்பேசியில் ஒரு செயலி. ஒரு சிறு விழா எடுத்துச் சால்வை போர்த்தினோம். எனக்குப் பெருமையாக இருந்தது.

மூன்று மாதம் கழித்து ஒன்பதாம் வகுப்பு மாணவன் ஒருவன் என் அறை வாசலில் வந்து நின்றான். "சார், நம்ம ஸ்கூல் கேமரா எங்க அண்ணன் போன்ல தெரியுது சார்" என்றான். கணினி அறையில் இருந்த பெட்டியின் ஒட்டுத்தாளில் ஓர் எண்ணைப் பார்த்திருக்கிறான். அந்த எண்ணைச் செயலியில் போட்டு, கடவுச்சொல்லாக ஒன்று முதல் ஆறு வரை தட்டியிருக்கிறான். திறந்துகொண்டது.

நான் என்ன செய்தேன் தெரியுமா? கோபப்பட்டேன். பள்ளிக் கேமராவைத் திருட்டுத்தனமாகப் பார்ப்பதா என்று கேட்டேன். ஆசிரியர் அறையில் ஒருவர், டி.சி. கொடுத்து அனுப்பிவிடலாம் என்றார். அவன் அப்பாவை வரச்சொன்னேன். அவர் சுமை தூக்கும் தொழிலாளி. ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வந்தார். என்ன ஏது என்று முழுதாகக் கேட்பதற்குள், எங்கள் எல்லார் முன்னாலும் பையனை அடித்துவிட்டார். தடுக்க நான் எழுந்திருப்பதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

அன்று இரவு எங்கள் கணினி ஆசிரியை வீட்டிலிருந்து என்னை அழைத்தார். "சார், நானும் போட்டுப் பார்த்தேன். எனக்கும் திறக்கிறது. பள்ளி வாசல் தெரிகிறது" என்றார். கொஞ்சம் தயங்கிவிட்டு, "மூன்றாவது கேமராவைப் பாருங்கள் சார்" என்றார்.

மூன்றாவது கேமரா, மாணவியர் கழிப்பறைக்குப் போகும் பாதையைப் பார்த்தபடி இருந்தது. மதில் ஏறுபவர்களைக் கண்காணிக்கத்தான் அங்கே வைத்தோம். அந்தப் பாதையில் எங்கள் மாணவியர் போவதும் வருவதும், எண்ணும் செயலியும் கிடைத்த எவருக்கும் மூன்று மாதமாகத் தெரிந்திருக்கக்கூடும். வேறு யார் பார்த்தார்கள், பார்க்கவில்லை என்று என்னால் இன்றும் சொல்ல முடியாது.

மறுநாள் கடவுச்சொல்லை மாற்றினோம், கேமராவைத் திருப்பினோம். பெண் ஆசிரியைகளை விட்டு மாணவியரிடம் பேசச் சொன்னேன். கேமரா வந்ததிலிருந்து அந்தப் பக்கம் விளையாடுவதையே நிறுத்திவிட்டோம் என்றார்கள் அவர்கள். இடைவேளையில் தனியாகப் போவதில்லையாம். மூன்று மாதமாக அவர்களுக்குத் தெரிந்திருந்தது எங்களுக்குத் தெரியவில்லை, ஏனென்றால் யாரும் அவர்களைக் கேட்கவில்லை.

அந்த மாணவனிடம் வகுப்பறையிலேயே, எல்லார் முன்னிலையிலும் மன்னிப்புக் கேட்டேன். அவன் அப்பாவையும் நேரில் போய்ப் பார்த்தேன். அவன் பத்தாம் வகுப்பு முடித்துப் போய்விட்டான். நன்றாகத்தான் படித்தான். ஆனால் போகும்வரை, தானாக என் அறைக்கு வந்து இன்னொரு தடவை எதையும் சொல்லவில்லை. நான் இழந்தது அதுதான்.

இது ஏதோ ஓர் ஊரின் கவனக்குறைவு என்று நினைத்துவிடாதீர்கள். 2016 அக்டோபர் 21 அன்று அமெரிக்காவில் ட்விட்டர், நெட்ஃபிளிக்ஸ் போன்ற பெரிய தளங்கள் பல மணி நேரம் பலருக்குத் திறக்கவில்லை. காரணம் 'மிராய்' என்ற தீநிரல். அது வலுவான பூட்டு எதையும் உடைக்கவில்லை. தொழிற்சாலையில் வைக்கப்பட்டு யாரும் மாற்றாத அறுபதுக்கும் சற்று அதிகமான பயனர்பெயர், கடவுச்சொல் இணைகளின் பட்டியலை வைத்துக்கொண்டு வீடு வீடாகத் தட்டிப் பார்த்தது, அவ்வளவுதான். திறந்துகொண்ட கேமராக்களையும் வைஃபை பெட்டிகளையும் ஒரு படையாகச் சேர்த்துக்கொண்டது. கேமராவின் சொந்தக்காரருக்குத் தன் கருவி அந்தப் படையில் இருப்பதே தெரியாது. நாம் மாற்றாமல் விடும் கடவுச்சொல் நம் வீட்டுக்கு மட்டும் ஆபத்து அல்ல. தெரு முழுவதற்கும் ஆபத்து.

ஆசிரியராக நான் இதில் கவனித்த இன்னொரு செய்தி உண்டு. அந்தத் தீநிரலை முதலில் எழுதியவர்கள் இருபது வயதையொட்டிய மூன்று அமெரிக்க இளைஞர்கள். தொடக்கம் ஒரு கணினி விளையாட்டின் சேவையகங்களை முடக்கும் போட்டியில் இருந்தது. பின்னர் அவர்கள் நிரலை இணையத்தில் வெளியிட, மற்றவர்களும் எடுத்துக்கொண்டார்கள். குற்றத்தை ஒப்புக்கொண்ட அவர்களுக்கு 2018இல் நீதிமன்றம் சிறைக்குப் பதிலாக நன்னடத்தைக் கண்காணிப்பும் 2,500 மணி நேரச் சமூகப் பணியும் விதித்தது. அவர்கள் புலனாய்வுத் துறைக்கு உதவும் வேலையும் செய்தார்கள். அப்படிப்பட்ட கைகள் நம் வகுப்பிலும் இருக்கின்றன. ஓட்டையைக் கண்டுபிடித்த பிள்ளை நம்மிடம் வந்து சொல்கிறானா, வேறு எங்கோ போய்க் காட்டுகிறானா என்பது நாம் நடந்துகொள்ளும் முறையையும் பொறுத்தது. எங்கள் மாணவன் சரியான இடத்துக்குத்தான் வந்தான். நான்தான் அவனைச் சரியாக வரவேற்கவில்லை.

அடுத்து, பொம்மை. ஜெர்மனியில் 'கைலா' என்ற பேசும் பொம்மை விற்பனைக்கு வந்தது. குழந்தை கேட்கும் கேள்விக்கு இணையத்தின் உதவியோடு பதில் சொல்லும். அருகில் இருக்கும் யாருடைய கைப்பேசியும் எந்தத் தடையும் இல்லாமல் புளூடூத் வழியாக அந்தப் பொம்மையோடு இணைய முடியும் என்று தெரியவந்தது. 2017 பிப்ரவரியில் அந்நாட்டு ஒழுங்குமுறை ஆணையம் அதை மறைமுக ஒட்டுக்கேட்புக் கருவி என்று அறிவித்துத் தடை செய்தது. அதே ஆண்டு நவம்பரில், ஒட்டுக்கேட்கும் வசதியுள்ள குழந்தைகளுக்கான ஸ்மார்ட் வாட்சுகளையும் தடை செய்தது. அதற்கு ஆணையம் சொன்ன செய்திகளில் ஒன்று நமக்கு நெருக்கமானது. வகுப்பறையில் ஆசிரியர் பேசுவதைக் கேட்கவும் பெற்றோர் அந்தக் கடிகாரங்களைப் பயன்படுத்தியிருந்தார்கள்!

சிரிக்கிறீர்கள். நானும் சிரித்தேன். ஆனால் பெற்றோரைக் குறை சொல்ல மாட்டேன். பிள்ளை பத்திரமாக இருக்கிறதா என்ற பயம்தான் அந்தக் கடிகாரத்தை வாங்க வைக்கிறது. பயம் உண்மையானது. ஆனால் அந்தக் கடிகாரம் வகுப்பில் இருக்கும் மற்ற பிள்ளைகளின் பேச்சையும் கேட்கிறதே, அவர்களிடம் யார் அனுமதி வாங்கினார்கள்?

அனுமதி என்று சொன்னதும் ஸ்வீடன் நினைவுக்கு வருகிறது. ஷெலெஃப்டியோ நகரில் ஒரு மேல்நிலைப் பள்ளி, 22 மாணவர்களிடம் மூன்று வாரம் முகமறி கேமரா வழியாக வருகைப் பதிவு எடுத்துப் பார்த்தது. நேரம் மிச்சமாகும் என்பதுதான் நோக்கம். முன்கூட்டியே ஒப்புதலும் வாங்கியிருந்தார்கள். ஆனாலும் 2019இல் அந்நாட்டுத் தரவுப் பாதுகாப்பு ஆணையம் நகராட்சிக்கு 2 லட்சம் குரோனர் அபராதம் விதித்தது. மாணவர்கள் பள்ளியைச் சார்ந்து இருப்பவர்கள். ஆகவே அந்த ஒப்புதலைச் சுதந்திரமாகக் கொடுத்த ஒப்புதலாகக் கொள்ள முடியாது என்றது ஆணையம். யோசித்துப் பாருங்கள். மதிப்பெண் போடுகிறவர் ஒரு தாளை நீட்டிக் கையெழுத்துக் கேட்டால் எந்த மாணவர் மறுப்பார்? எந்தப் பெற்றோர், "இது எதற்கு?" என்று திருப்பிக் கேட்பார்? அவர்கள் கேட்க மாட்டார்கள் என்பதால்தான் நாம் கேட்டுக்கொள்ள வேண்டும்.

நம் நாட்டிலும் 2017இல் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு, தனியுரிமை அடிப்படை உரிமையே என்று ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. 2023இல் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இயற்றப்பட்டது. 18 வயது நிறையாதவர்களின் தகவலைக் கையாளப் பெற்றோரின் ஒப்புதல் வேண்டும் என்றும், பிள்ளைகளைப் பின்தொடர்ந்து கண்காணிப்பதும் அவர்களைக் குறிவைத்து விளம்பரம் செய்வதும் கூடாது என்றும் அது சொல்கிறது. கல்விப் பணி, மாணவர் பாதுகாப்பு ஆகியவற்றுக்காகக் கல்வி நிறுவனங்களுக்குச் சில விலக்குகள் உண்டு. விலக்கு இருப்பதாலேயே நம் பொறுப்பு கூடுகிறது என்றுதான் நான் புரிந்துகொள்கிறேன்.

சரி, திங்கள்கிழமை பள்ளிக்குப் போய் என்ன செய்வது?

தொடக்க வகுப்புகளுக்கு ஒரு விளையாட்டு. இரண்டு தீப்பெட்டிகளை நூலால் இணைத்து நாம் எல்லாரும் தொலைபேசி செய்திருக்கிறோம். காகிதக் குவளையில் செய்தால் இன்னும் நன்றாகக் கேட்கும். இரண்டு பிள்ளைகள் நூலை இறுக்கிப் பிடித்துப் பேசட்டும். பிறகு நூலின் நடுவில் இன்னொரு நூலைக் கட்டி, மூன்றாவது குவளையை வேறொரு பிள்ளையின் காதில் வையுங்கள். அவளுக்கும் கேட்கும்! பேசிய இருவரும் திரும்பிப் பார்ப்பார்கள். "நடுவில் யாரோ கேட்கலாம்" என்பதை ஒரு மணி நேர உரையைவிட அந்தக் குவளை நன்றாகச் சொல்லிவிடும். எங்கள் பகுதித் தொடக்கப் பள்ளியில் இதைச் செய்து பார்த்தோம். ஒரு மூன்றாம் வகுப்புப் பிள்ளை, "அப்போ ரகசியத்தை நேர்லதான் சொல்லணும் டீச்சர்" என்றாள்.

உயர்நிலை வகுப்புகளுக்குக் கணக்குப் பாடத்திலேயே இடம் இருக்கிறது. நான்கு இலக்கக் கடவு எண் எத்தனை விதமாக அமையலாம்? பத்தாயிரம். ஒரு நொடிக்கு ஒன்று வீதம் முயன்றால், எல்லாவற்றையும் முயன்று முடிக்க மூன்று மணி நேரம்கூட ஆகாது. ஆறு ஆங்கிலச் சிற்றெழுத்துகள் என்றால் முப்பது கோடிக்கு மேல். மாணவர்களே கணக்கிட்டுப் பார்க்கட்டும். பிறந்த ஆண்டைக் கடவு எண்ணாக வைத்தால் அந்தப் பத்தாயிரம் எத்தனையாகச் சுருங்குகிறது என்றும் கேளுங்கள். அதன்பிறகு கடவுச்சொல்லை மாற்றச் சொல்லி நாம் கெஞ்ச வேண்டியதில்லை.

மொழிப்பாட ஆசிரியர்கள், வீட்டில் உள்ள ஒரு கருவியைப் பற்றி மூன்று கேள்விகளுக்கு விடை எழுதச் சொல்லலாம். இது எதைக் கவனிக்கிறது? அதை யாரிடம் சொல்கிறது? வேண்டாம் என்றால் என்னால் நிறுத்த முடியுமா? டார்ச் அடிக்கும் செயலிக்கு நம் தொடர்பு எண்கள் எதற்கு என்று ஒரு பிள்ளை கேட்டுவிட்டால் பாடம் நடந்துவிட்டது என்று பொருள்.

பள்ளி அளவில், கேமரா, வைஃபை பெட்டி, திறன்பலகை ஆகியவற்றின் கடவுச்சொல் மாற்றப்பட்டிருக்கிறதா என்று நீங்களே பாருங்கள்; பொருத்தியவர் சொல்வதை நம்பிவிடாதீர்கள். கேமரா எங்கே பார்க்கிறது என்பதை, மாணவியரையும் உடன் அழைத்துக்கொண்டு ஒரு முறை நடந்து பாருங்கள். மாணவர் பெயர், தொலைபேசி எண், மதிப்பெண் உள்ள பட்டியலை வாட்ஸ்அப் குழுவில் அப்படியே போடாதீர்கள். ஏதேனும் தவறு நடந்துவிட்டால் இணையக் குற்றங்களுக்கு 1930, குழந்தைகளுக்கான உதவிக்கு 1098 என்ற எண்களைப் பிள்ளைகள் கண்ணில் படும் இடத்தில் எழுதிவையுங்கள். நான்கும் செலவில்லாத வேலைகள்.

நல்லவாட்டில் நடந்ததை மீண்டும் நினைத்துப் பாருங்கள். அன்று கடல் கடந்து வந்தது ஒரு குரல் மட்டும்தான். அதை வீட்டார் நம்பினார்கள். வீட்டார் சொன்னதை ஊர் நம்பியது. ஒருவர் சொன்னதை இன்னொருவர் நம்பியதால்தான் ஊர் பிழைத்தது. கம்பியும் அலைக்கற்றையும் செய்தியைத்தான் கொண்டுவரும், நம்பிக்கையைக் கொண்டுவராது. அதை மனிதர்கள்தாம் முன்கூட்டியே சேர்த்து வைத்திருக்க வேண்டும்.

"சார், நம்ம ஸ்கூல் கேமரா வெளியில தெரியுது" என்று ஒரு பிள்ளை உங்கள் அறை வாசலில் வந்து நிற்கும் நாள் வரும். அப்போது கோபப்படாதீர்கள். உள்ளே அழைத்து, நாற்காலியைக் காட்டி, "வாப்பா, உட்கார். எப்படிக் கண்டுபிடிச்ச, சொல்லு" என்று கேளுங்கள். நான் கேட்கத் தவறிய கேள்வி அது.